முழுசுக்கு ஆறு படி

நாலாம் நம்பர் தொட்டியின் வால்வு நல்லபடியாக இருந்த காலத்தில், சக்கரத்தைப் பதினாலு சுற்று சுற்றினால் உள்ளேயிருக்கும் கதவு இறங்கி உட்கார்ந்துவிடும். உட்கார்ந்தது கைக்குத் தெரியும். நாள் முழுக்க நின்று வேலை பார்த்தவன் வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்வதுபோல ஓர் அமுக்கம். அதற்குமேல் சக்கரத்தை அசைக்க முடியாது, அசைக்கவும் வேண்டாம்.

இப்போது அது பதின்மூன்றரையில் நிற்கிறது. நிற்பதென்னவோ இறுக்கமாகத்தான். புதிதாக ஒருத்தன் வந்து திருப்பினால் நன்றாக மூடிவிட்டது என்றுதான் சொல்வான். ஆனால் அடியில் கசடு சேர்ந்துபோய், கதவு அந்தக் கசட்டின்மேல் உட்கார்ந்துகொண்டு, தன் இடத்தில் உட்கார்ந்ததாக ஏமாற்றுகிறது. அந்த அரைச் சுற்றைத்தான் பேனா ஒரு மாதமாகக் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

பேனா என்பது தொழிற்சாலையில் அவருக்கு வைத்த பெயர். பெயிண்ட் செய்யும் இடம் அது. பின்கட்டில் ஐந்து பெரிய தொட்டிகள், எல்லாவற்றிலும் தின்னர். ஐந்துக்கும் ஒரே பைப், ஒரே பம்பு. எந்தத் தொட்டிக்கு வேண்டுமோ அதன் வால்வைத் திறந்து மற்ற நாலையும் மூடிவிட வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு தொட்டியையும் காலி செய்து, ஆள் உள்ளே இறங்கி, அடியில் படிந்ததை மரச் சுரண்டியால் சுரண்டி வாளியில் ஏற்ற வேண்டும். ஆள் உள்ளே இருக்கும்போது பைப்பிலிருந்து தின்னர் வந்தால் என்ன ஆகும் என்பதை அங்கே யாரும் பேசுவதில்லை. தின்னரின் ஆவி கனமானது. மேலே போகாது, அடியிலேயே படுத்துக் கிடக்கும். முகமூடிக்குள் அது புகுந்தால் நாலைந்து மூச்சுதான். ஏணி எதிரில் இருக்கும், கண்ணுக்குத் தெரியும், கை போகாது.

இருபத்திரண்டு வருஷம் அவரே அதற்குள் இறங்கியவர். நாற்பத்தேழாவது வயதில் கேன்டீன் மேசையில் நடந்த மாலை வகுப்பில் எழுத்துப் படித்தார். தமிழும் இங்கிலீஷும் சேர்ந்தே வந்தன, இரண்டும் சமமாக உதைத்தன. அவருடைய எழுத்து பெரிதாக இருக்கும், ஒவ்வொன்றும் தனித்தனியாக, சண்டை போட்டுப் பிரிந்த அண்ணன் தம்பிபோல நிற்கும். ஆனாலும் எழுத்து எழுத்துதான். தொட்டிக்காரர்களில் எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால், உள்ளே இறங்குவதிலிருந்து அவரை எடுத்து வால்வைச் சோதித்துக் கார்டு எழுதும் வேலையில் போட்டார்கள். சட்டைப் பையில் பேனா ஏறியது, பெயரும் மாறியது. காலியான தன் பழைய இடத்துக்கு மகளைக் கட்டிய மருமகனை அவரே கேட்டு வாங்கிப் போட்டார். அது நல்ல காரியம் என்றுதான் அன்றைக்கு நினைத்தார். வீட்டில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

கார்டு வருவதற்கு முன்னால் வேறு வழக்கம் இருந்தது. தொட்டி சுத்தம் செய்வதற்கு முதல்நாள் பைப்பின் மூட்டைக் கழற்றி, நடுவில் கனமான வட்டத் தகடு ஒன்றை வைத்து முடுக்கிவிடுவார்கள். வால்வு என்ன சேட்டை செய்தாலும் தகட்டைத் தாண்டி ஒரு சொட்டு வராது. அரைநாள் வேலை, அந்த அரைநாளும் பம்பு நிற்கும். கார்டு வந்த பிறகு தகடு போய்விட்டது. மூடியிருக்கிறது என்று எழுத்திலேயே இருக்கும்போது இரும்பு எதற்கு என்று சேஃப்டி சார் கேட்டாராம். சேஃப்டி சார் முப்பது வயதுக்காரர், நல்லவர், சிரித்த முகம். அவருடைய அறையில் எப்போதும் குளிராக இருக்கும். அங்கே போய்விட்டு வந்தால் தும்மல் வருகிறது என்பதால் மட்டுமே பலபேர் அங்கே போவதில்லை.

கார்டில் எல்லாம் அச்சடித்தே இருக்கும். மூடிய நிலை என்று இங்கிலீஷில் போட்டு, பக்கத்தில் ஒரு கோடு. அந்தக் கோட்டில் ஒரு வார்த்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு பிரதி ஃபைலுக்கு, ஒரு பிரதி தொட்டியின் வாயில் தொங்கும். பேனா தினமும் கம்ப்ளீட் என்று எழுதிவந்தார். அந்த ஒரு வார்த்தையைப் பிழையில்லாமல் எழுத ஒரு மாதம் பிடித்தது. மூன்று மாதம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் கார்டுகளைப் புரட்டிப் பார்த்து, எல்லாவற்றிலும் ஒரே வார்த்தை இருக்கிறதே, பார்க்காமலே காப்பி அடித்த மாதிரி இருக்கிறதே என்று கேட்டுவிட்டுப் போனார். மறுநாளே சேஃப்டி சார் ஒரு காகிதம் கொடுத்தார். பத்து வார்த்தைகள், எல்லாம் பெரிய எழுத்தில். இனிமேல் தினம் ஒன்றாக மாற்றி மாற்றிப் போட வேண்டும் என்றார். வால்வை மாற்றச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை. வார்த்தையை மாற்றச் சொன்னார்கள்.

அந்தக் காகிதத்தை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தார். மகள் ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிறவள். அவள் படித்துப் பார்த்துவிட்டு, கம்ப்ளீட், டோட்டல், ஃபுல், தரோ, அப்சல்யூட், அட்டர், எல்லாமே முழுசு என்றுதான் அர்த்தம் என்றாள். மற்ற நாலும் அப்படித்தானாம்.

மனைவிக்கு அது பொறுக்கவில்லை. "முழுசுன்னா முழுசு. அதுக்கு எதுக்கு பத்து பேரு? உங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கும் வேலை இல்லையா?"

"நம்மகிட்ட மட்டும் இல்லையாம்மா?" என்றாள் மகள். "வடிகட்டின முட்டாள்ங்கிறோம். கடைஞ்செடுத்த அயோக்கியன்ங்கிறோம். பச்சைப் பொய், சுத்த சோம்பேறி. எல்லாம் முழுசுங்கிறதுதான்."

"அதெல்லாம் உங்க அப்பாவுக்குன்னு செஞ்சு வெச்சது" என்றாள் மனைவி. அன்றைக்குச் சிரித்தார்கள்.

சிரித்தபடியே பேனா யோசிக்க ஆரம்பித்துவிட்டார். பச்சைப் பொய் என்கிறோம், பச்சை முட்டாள் என்று ஒருத்தரும் சொல்வதில்லை. முட்டாளை வடிகட்டுகிறோம், இருட்டை யாரும் வடிகட்டுவதில்லை, அதற்குக் கும்மிருட்டு. வெயிலுக்கும் குளிருக்கும் வேறு வேறு. அப்படியென்றால் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம், ஓர் அளவு இருக்கத்தான் வேண்டும். படித்தவர்கள் பத்து வார்த்தையைச் சும்மாவா செய்துவைப்பார்கள்? எழுத்தைத் தாமதமாகக் கற்றுக்கொண்டவனுக்கு எழுத்தின்மேல் இருக்கும் மரியாதை, சின்ன வயதில் கற்றவனுக்குப் புரியாது. வீணான வார்த்தை என்று ஒன்று உலகத்தில் இருக்கும் என்பதை அவரால் நம்ப முடியவில்லை.

மகளைத் தினம் ஒன்றாகக் கேட்டார். அவள் வாய்க்கு வந்ததைச் சொன்னாள். அப்சல்யூட் என்றால் கொஞ்சம்கூடப் பாக்கியில்லாமல். டோட்டல் என்றால் எல்லாவற்றையும் கூட்டினால் வருவது. தரோ என்றால் மூலைமுடுக்கெல்லாம் பார்த்தது. ஃபுல் சாதாரணம், பஸ்ஸே ஃபுல்லாகப் போகிறதே. அட்டர் மட்டும் கொஞ்சம் கெட்ட சகவாசம், அது பெரும்பாலும் முட்டாள்தனம், குழப்பம், நாசம் இதுகளோடுதான் சேரும் என்றாள்.

அவ்வளவு போதும் அவருக்கு. மீதி நாலை ஒதுக்கிவிட்டு ஆறை வைத்து ஏணி கட்டினார். பதினாலு சுற்றும் போய், வால்வைத் தாண்டிக் கசிகிறதா என்று பார்க்க வைத்திருக்கும் வடிகுழாயும் காய்ந்திருந்தால் அப்சல்யூட். சக்கரம் கடைசியில் கொஞ்சம் முரண்டு பிடித்தால் டோட்டல். அதற்குக் கீழே கம்ப்ளீட், அதற்கும் கீழே தரோ. பஸ்ஸில் நெரிசல் என்றாலும் இன்னும் ரெண்டு பேர் தொங்கலாம் என்பதுபோல, சொட்டு கண்ணில் படுகிற நாளில் ஃபுல். அட்டருக்குக் கீழே படியே இல்லை. அது வந்தால் யாரும் உள்ளே இறங்கக் கூடாது. இதை அவர் யாருக்கும் விளக்கவில்லை. விளக்க வேண்டும் என்றே தோன்றவில்லை. படித்தவர்களுக்குத் தெரியாததா?

முதல் வாரம் முழுக்க நாலாம் நம்பருக்கு அப்சல்யூட் என்று எழுதினார். பிறகு ஒருநாள் சக்கரம் முரண்டு பிடித்தது. டோட்டல் என்று எழுதும்போது கொஞ்சம் தயங்கினார். ஒருத்தரைப் பற்றிப் புகார் கொடுக்கிறோமே என்கிற மாதிரி. சேஃப்டி சார் பார்த்துவிட்டு வெரி குட் என்றார். கவனித்துவிட்டார் என்று பேனாவுக்கு நிம்மதி. அடுத்த வாரம் கம்ப்ளீட்டுக்கு இறங்கினார். அப்புறம் தரோ. மற்ற தொட்டிகள் மேல்படியிலேயே நின்றன, நாலு மட்டும் நோயாளிபோல ஒவ்வொரு படியாகக் கீழே வந்துகொண்டிருந்தது. அவர் அதை எழுதி எழுதிச் சொல்லிக்கொண்டே இருந்தார். இருபத்தெட்டாம் நாள் ஓர் ஆள் வந்து நாலாம் நம்பரைச் சுற்றிச் சுற்றி நாடா வைத்து அளந்தான். பார்த்தீர்களா, தகடு வருகிறது என்று வீட்டில் போய்ச் சொன்னார். இரண்டு நாள் கழித்து அந்த ஆள் திரும்பி வந்து, அளந்த இடத்தில் எச்சரிக்கைப் பலகை ஒன்றை மாட்டிவிட்டுப் போனான். பலகை புதிதாக, சிவப்பாக, அழகாக இருந்தது. பேனா பலகைக்குப் பின்னாலும் ஒருமுறை எட்டிப் பார்த்தார். ஆனாலும் தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டார். ஆபீஸ் வேலை மெதுவாகத்தான் நடக்கும்.

நாற்பதாம் நாள் சாயங்காலம் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டிருந்தார்கள். நாளை நாலாம் நம்பர் சுத்தம். உள்ளே இறங்குபவர் என்ற இடத்தில் மருமகனின் டோக்கன் எண்.

நாற்பத்தொன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு அவர் வால்வில் கை வைத்தார். பதின்மூன்று சுற்றுகூடப் போகவில்லை, சக்கரம் கல்லாக நின்றது. வடிகுழாயைத் திறந்தார். நேற்றைய பம்பின் மிச்சம் பைப்பில் இருந்தது போலிருக்கிறது. மெல்லிய நூலாகத் தின்னர் வந்து அவருடைய செருப்பின் நுனியில் விழுந்தது. குழாயை மூடிவிட்டுக் கார்டை முழங்காலில் வைத்துக்கொண்டு, நாற்பது நாளில் ஒருமுறைகூட எழுதாத அந்த வார்த்தையை எழுத்துக் கூட்டி எழுதினார். அட்டர். கீழே கையெழுத்து. மனது லேசாகிவிட்டது. இதற்குமேல் ஒருத்தன் எப்படிக் கத்துவது?

ஒன்பது மணிக்குக் கார்டை எடுத்துக்கொண்டு போனபோது, சேஃப்டி சார் அப்போதுதான் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கார்டை வாங்கிப் பார்த்தார், புருவம் உயர்ந்தது. பேனா காத்திருந்தார்.

"அட்டர்! பரவால்லையே, பேனா. இதை இதுவரைக்கும் யாருமே போட்டதில்ல." சிரித்துக்கொண்டே முத்திரையை எடுத்துக் குத்தினார்.

அந்தச் சத்தம் அடங்கும்வரை பேனாவுக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார், சார், இன்றைக்கு வேலை நிறுத்திவிடுவீர்கள் அல்லவா என்று. எதற்கு என்றார் சேஃப்டி சார். நீங்கள்தான் பார்த்தீர்களே, அட்டர் என்று போட்டிருக்கிறேனே என்றார் பேனா. அதற்கென்ன என்றார் அவர். பேனா ஏணியைச் சொல்ல ஆரம்பித்தார். அப்சல்யூட்டிலிருந்து ஒவ்வொரு படியாக, எந்தத் தேதியில் எது, எத்தனை சுற்று, எத்தனை சொட்டு. சொல்லச் சொல்ல எதிரில் இருந்த முகத்தில் சிரிப்பு முதலில் பெரிதானது, பிறகு மெல்ல மெல்ல வற்றியது.

"எல்லாம் ஒண்ணுதான், பேனா. எதை எழுதினாலும் ஒண்ணுதான். மாத்தி மாத்திப் போடச் சொன்னேன், அவ்வளவுதானே சொன்னேன்?"

"அப்ப நாப்பது நாளா நீங்க படிக்கலையா சார்?"

சேஃப்டி சார் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். அதுவரை நீங்கள் என்று பேசிக்கொண்டிருந்தவர் நீ என்று ஆரம்பித்தார். குரல் மட்டும் உயரவில்லை.

"இத்தனை கார்டும் ஹெட் ஆபீஸ் போயாச்சு. எல்லாத்துலயும் மூடியிருக்குன்னு இருக்கு. எல்லாத்துலயும் உன் கையெழுத்து. இப்ப வந்து மூடலைங்கிறே. அப்ப நாப்பது நாளும் நீ எழுதினது பொய். ஏதாவது ஆச்சுன்னா போலீஸ் யாரை உள்ள வைக்கும்னு யோசிச்சியா?"

அறையின் குளிர் பேனாவின் முழங்காலுக்குள் ஏறியது. எழுதக் கற்றுக்கொண்ட அந்தப் பெரிய எழுத்துகள், ஒவ்வொன்றும் தனித்தனியாக, யார் பார்த்தாலும் இன்னார் எழுதியது என்று தெரிகிற எழுத்துகள், நாற்பது கார்டிலும் நின்றுகொண்டு தன்னையே கைகாட்டுவதுபோல இருந்தது.

"என்னையே வைக்கட்டும் சார்" என்றார். "மாப்பிள்ளை இறங்க வேண்டாம்."

தகடு போடலாமே என்று கெஞ்சினார். அரைநாள் பம்பை நிறுத்த முடியாது, மூன்றாம் நம்பருக்கு லாரி வந்து மேடையில் நிற்கிறது, பத்து மணிக்கு அதிலிருந்து தின்னரைத் தொட்டிக்கு ஏற்றியாக வேண்டும், நாலு மணிக்கு இன்னொரு லாரி என்றார் சேஃப்டி சார். பேனா மேசையிலிருந்த கார்டை எடுத்துத் தான் எழுதியதைக் குறுக்கே அடித்தார். சோதித்தவன் கையெழுத்து இல்லாமல் ஆளை இறக்கக் கூடாது என்பது விதி, அது அவருக்குத் தெரியும். சேஃப்டி சாருக்கு அதைவிட நன்றாகத் தெரியும். அவர் ஒரு புதுக் கார்டை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் நடந்தார்.

மருமகன் பெல்ட்டை மாட்டிக்கொண்டு நின்றிருந்தான். பத்தாவது வரை படித்தவன். அந்த இடத்தில் அவனுக்கு இருந்த ஒரே மனக்குறை, மாமனார் மடியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன் என்று மற்றவர்கள் அடிக்கிற கிண்டல். சேஃப்டி சார் அதைத் தெரிந்து பேசினாரோ தெரியாமல் பேசினாரோ, நாலுபேர் காதில் விழும்படிதான் பேசினார். மாமாவுக்கு வயதாகிவிட்டது, மருமகன்மேல் இருக்கிற பாசத்தில் கை தளர்ந்துவிட்டது, நீ படித்தவன், நீயே திருப்பிப் பார்த்து நீயே எழுது என்றார். யாரோ ஒருவன் சிரித்தான்.

மருமகன் காது சிவக்க வால்வுக்குப் போனான். இளம் கை. சக்கரத்தைத் திறந்து மறுபடி மூடி, இரண்டு கையாலும் இறுக்கினான். அது ஒரு மயிரிழை அசையவில்லை.

"நல்லா இறுக்கமாத்தான் இருக்கு மாமா."

"அது கசட்டுமேல உக்காந்திருக்கு மாப்பிள்ளை. எண்ணிப் பாத்தீங்களா, எத்தனை சுத்து?"

அவன் எண்ணவில்லை. பேனா வடிகுழாயைத் திறந்து காட்டினார். பைப்பிலிருந்த மிச்சம் காலையிலேயே வடிந்துவிட்டது, பம்பும் ஓடவில்லை. ஒரு சொட்டு வந்து நுனியில் தொங்கியது, விழுவதற்கு யோசித்தது, விழாமலே நின்றது. எல்லோரும் அந்தச் சொட்டைப் பார்த்தார்கள். பேனாவும் பார்த்தார். வாழ்நாளில் எதையும் அப்படி விழச் சொல்லி அவர் வேண்டிக்கொண்டதில்லை.

மருமகன் மாமனார் பக்கம் திரும்பாமல் கார்டில் எழுதினான். அப்சல்யூட். சாய்வான, வேகமான, பள்ளிக்கூடத்து எழுத்து. ஒரு பிரதி சேஃப்டி சாரின் சட்டைப் பைக்குள் போய்ப் பொத்தான் போட்டுக்கொண்டது. இன்னொன்று தொட்டியின் வாயில் தொங்கியது. முகமூடியை இழுத்துவிட்டுக்கொண்டு மருமகன் வாய்க்குள் காலை வைத்தான். முதலில் இடுப்பு மறைந்தது, பிறகு தோள், கடைசியில் தலை.

பேனா அங்கே நிற்கவில்லை. தொட்டிக்கு அடுத்த சுவரில்தான் பம்பு அறை. பம்பு ஓட்டுகிறவர் இருபது வருஷச் சத்தத்தில் பாதி காது போனவர், எதைச் சொன்னாலும் முதலில் என்ன என்று கேட்பார். பத்து மணிக்குப் பம்பு போடாதே, நாலில் ஆள் இருக்கிறது, வால்வு பிடிக்கவில்லை என்று பேனா காதோரம் கத்தினார். பம்புக்காரர் சுவரிலிருந்த கடிகாரத்தைக் காட்டினார். பத்துக்கு ஐந்து நிமிடம். பிறகு கொக்கியில் தொங்கிய காகிதத்தைக் காட்டினார். நாலாம் நம்பர் மூடியது என்று சேஃப்டி சாரின் உத்தரவு.

"எழுதிக் குடுத்திருக்காங்களே, பேனா."

பேனா சுவரிலிருந்த மின்பெட்டிக் கதவைத் திறந்து மூன்று ஃப்யூஸ் கட்டைகளையும் பிடுங்கி வேட்டி மடிப்புக்குள் செருகிக்கொண்டார். பம்புக்காரர் ஒன்றும் தடுக்கவில்லை. ஏற்கனவே கேட்காத காதை மேலும் கேட்காமல் வைத்துக்கொண்டு, ஃபோனை எடுத்துச் சேஃப்டி சாரைக் கூப்பிட்டார். அவர் பிழைப்பு அவருக்கு.

பெட்டிக்கு முதுகைக் கொடுத்து நின்றார் பேனா. சுவருக்கு அந்தப் பக்கம் மரச் சுரண்டி தகரத்தில் இழுபடும் சத்தம் கேட்டது. இழுப்பு, நிறுத்தம், இழுப்பு. அவருக்குத் தெரிந்த தாளம்தான், இருபத்திரண்டு வருஷம் அவரே போட்டது. அதையே கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே லாரி ஹாரன் அடித்தது. மேடையில் லாரியின் குழாயைப் பைப்பில் மாட்டித் திறந்துவிடும் கிளாங்கென்ற ஓசையும் வந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. லாரி உயரத்தில் நிற்கிறது. பம்பு ஓடாவிட்டாலும் தின்னர் தன் கனத்திலேயே பைப்புக்குள் இறங்கும்.

சேஃப்டி சார் இரண்டு காவலாளிகளோடு வந்தார். ஸ்டோரிலிருந்து புது ஃப்யூஸ் கட்டைகளை ஒருவன் கையில் வைத்திருந்தான். ஒதுங்கச் சொன்னார்கள். பேனா ஒதுங்கவில்லை. லாரிக் குழாயை மூடச் சொல்லுங்கள், முதலில் அதை மூடச் சொல்லுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர்கள் அவருடைய தோளைப் பிடித்தார்கள். இரண்டு பேரும் தெரிந்தவர்கள்தான், தினமும் வணக்கம் சொல்கிறவர்கள். மெதுவாகத்தான் பிடித்தார்கள், ஆனால் விடவில்லை.

அந்த இழுபறியில் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த சத்தம் நின்றுவிட்டது.

பேனா அசையாமல் காதைக் கொடுத்தார். இழுப்பு இல்லை. இன்னொரு மூச்சு நேரம் பார்த்தார், இல்லை. அவருடைய வாயிலிருந்து மாப்பிள்ளை என்று ஒரு சத்தம் வந்தது. பிடித்திருந்தவர்கள் பயந்து கையை எடுத்துவிட்டார்கள். அவர் வாசலை எட்டுவதற்குள் வாசலில் ஒரு நிழல் விழுந்தது.

மருமகன்தான். முகமூடி கழுத்தில் தொங்கியது, கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருந்தன, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கணுக்காலுக்குமேல் வரை பேண்ட் நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. அறை முழுக்க அந்த வாசம் பரவியது.

"முதல்ல காலு குளிர்ந்துது மாமா" என்றான். "என்னடா இது, காத்து வருதான்னு பாத்தேன்."

அதற்குமேல் பேச முடியாமல் குனிந்து இருமினான். பேனா அவனைப் பிடித்துத் தரையில் உட்காரவைத்து, பூட்ஸைக் கழற்றினார். அதிலிருந்து தின்னர் கொட்டியது. சேஃப்டி சார் அந்தக் காலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு காவலாளியிடம் திரும்பி, தொட்டிக்குள் வேறு யாரும் இல்லையே என்று கேட்டார். இல்லை என்றான். அப்படியென்றால் பம்பைப் போடு என்றார்.

ஃப்யூஸ் ஏறியது. பம்பு உறுமிக்கொண்டு கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம், காலியான நாலாம் நம்பரில், வெறும் தகரத்தில் தின்னர் கொட்டும் சத்தம் அந்த அறையில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்தது. பாதிக் காதுக்காரர்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

மருமகன்தான் முதலில் வாயைத் திறந்தான். "அந்தக் கார்டைக் குடுங்க சார். நான் எழுதினதை."

"அது ஆபீஸ் கார்டு. நீ கையெழுத்துப் போட்டு குடுத்தாச்சு." சேஃப்டி சார் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு இருவரையும் வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கச் சொன்னார், அன்பாகத்தான் சொன்னார். நாளைக்கு வரலாமா வேண்டாமா என்று சொல்லவில்லை. உள்ளே தேங்கியதை வடித்துவிட்டு இரண்டாவது ஷிப்ட் ஆட்கள் மீதியைச் சுரண்டட்டும் என்று போகிறபோக்கில் காவலாளியிடம் சொல்லிவிட்டு நடந்தார்.

கேட்டுக்கு வெளியே இருந்த குழாயில் மருமகன் நெடுநேரம் காலைக் கழுவினான். தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. வாந்தி வருகிறது என்றான், வரவில்லை. வீட்டில் சொல்ல வேண்டாம் மாமா என்றான். பேனாவுக்கு அந்த வார்த்தைகள் காதில் விழவே இல்லை. இரண்டாவது ஷிப்ட் என்பது மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. நாலு மணிக்கு இன்னொரு லாரி. தொட்டியின் வாயில் மருமகனின் எழுத்தில் அப்சல்யூட் தொங்கிக்கொண்டிருக்கிறது.

திரும்பிப் போய் கேட்டைத் தட்டினார். டோக்கன் வைத்துவிட்டு வெளியே போனவரை உள்ளே விட உத்தரவில்லை என்றான் காவலாளி, காலையில் தோளைப் பிடித்தவன். ஒரே ஒரு கார்டைக் கழற்றிவிட்டு வந்துவிடுகிறேன் என்றார். அவன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

மணி ஒன்றரை. வெயில் தார்ச்சாலையில் காய்ந்துகொண்டிருந்தது. நீங்கள் போங்கள் மாப்பிள்ளை, நான் இருந்து வருகிறேன் என்றார். அவன் போகவில்லை, சுவர் நிழலில் செருப்பில்லாமல் உட்கார்ந்தான். பேனாவும் உட்கார்ந்தார். சுவரைத் தாண்டி உள்ளே பம்பு ஓடிக்கொண்டிருப்பது காலுக்கடியில் தெரிந்தது.

இரண்டு மணிக்குச் சற்றுமுன் சாலைத் திருப்பத்தில் முதல் சைக்கிள் தெரிந்தது. இரண்டாவது ஷிப்ட் தொட்டிக்காரன். எழுதப் படிக்கத் தெரியாதவன், தமாஷ்காரன், பேனாவோடு ஒரே தொட்டியில் ஒன்பது வருஷம் கசடு அள்ளியவன். பேனா எழுந்து சாலை நடுவுக்கே போய் சைக்கிளின் ஹாண்டில்பாரைப் பிடித்து நிறுத்தினார்.

"நாலாம் நம்பர்ல இறங்காதே. வால்வு மூடலை."

அவன் ஒரு காலை ஊன்றிக்கொண்டு அவருடைய முகத்தைப் பார்த்தான். சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

"கார்டுல என்ன போட்டிருக்கு?" என்றான்.